டிகிரி சான்றிதழுக்கு அப்போஸ்டில்: அரசுக் கட்டணம் எவ்வளவு?

கேள்வி (அஸ்தம்பட்டி): தங்கை மேல்படிப்புக்கு இத்தாலி போகிறாள். டிகிரி சான்றிதழுக்கு அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டில் ஏற்க அரசு தரும் சான்று) வேண்டுமாம். புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஏஜென்ட் 6,000 கேட்கிறார், அரசுக் கட்டணமே அவ்வளவு என்கிறார். உண்மையா அண்ணா?

பதில் (ஏற்காடு): இல்லை தம்பி. வெளியுறவு அமைச்சகம் வாங்குவது ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், அதோடு அமைச்சகம் நியமித்த நிறுவனத்தின் சிறிய சேவைக் கட்டணம் சேரும், மற்றதெல்லாம் ஏஜென்ட் அலைவதற்கான கூலி. முதலில் சென்னையில் மாநில அரசின் சான்று, அப்புறம்தான் அப்போஸ்டில். ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள், விடாதீர்கள்.

பதில் (அம்மாப்பேட்டை): துபாய்க்கு இது செல்லாது. அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளுக்கிடையே உள்ள ஹேக் உடன்படிக்கையில் அமீரகம் இல்லை, தூதரக முத்திரை தனியாக வாங்கணும், செலவே அங்கேதான். அப்புறம், சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். என் மகனுடையதைப் பிரித்தபோது முத்திரையில் பாதி பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்துவிட்டது.