பாதயாத்திரையும் முத்து மாமாவின் புதுக் காரும்

கலா பெரியம்மா: தைப்பூசத்துக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு நடந்து வருபவர்கள் இன்றே பெயர் கொடுத்துவிடுங்கள். விடியற்காலை 4 மணிக்குப் புறப்படுகிறோம், பின்னால் வர ஒரு கார் வேண்டும்.

முத்து மாமா: என் புதுக் காரைக் கொண்டுவருகிறேன். குறுக்கே ஆள் வந்தால் அதுவே பிரேக் போட்டுவிடும். இப்போது வரும் கார்களில் இந்த வசதி இருப்பதால் யாரும் பயப்பட வேண்டாம்.

சரஸ்வதி சின்னம்மா: போன வருடமும் வருகிறேன் என்றுதான் சொன்னீர்கள், அண்ணா.

தீபன்: மாமா, நமக்கு ஆபத்து உங்கள் காரால் அல்ல, அந்தச் சாலையில் வேகமாக வரும் மற்ற வண்டிகளால்தான். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வசதியுள்ள கார்கள் பாதசாரிகள் மீது மோதுவது 27 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் விளக்கில்லாத இருட்டுச் சாலையிலும், வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள சாலையிலும், கார் திரும்பும்போதும் அந்தப் பலன் காணப்படவில்லை. ஆளை அடையாளம் கண்ட பிறகே பிரேக் பிடிக்கும். 90இல் வரும் கார் அதற்குள் ஒவ்வொரு நொடிக்கும் 25 மீட்டர் ஓடிவிடும். செம்பனைக் குலை ஏற்றிவரும் பழைய லாரிகளில் இந்த வசதியே கிடையாது.

முத்து மாமா: படித்த பிள்ளை பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டான்.

சரஸ்வதி சின்னம்மா: அப்படியென்றால் ஒளி பட்டால் பளிச்சிடும் மேலங்கியை எல்லாருக்கும் வாங்கிவிடலாம்.

தீபன்: வாங்குங்கள் சின்னம்மா, ஓட்டுநரின் கண்ணுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அதே கழகம் 2025இல் வெளியிட்ட ஆய்வில், 3 கார்களை இருட்டில் சோதித்தபோது, அப்படிப் பளிச்சிடும் பட்டை அணிந்த ஆள் பொம்மைமீது 2 கார்கள் மோதின. ஆகவே காரின் கேமராவும் நம்மைக் கண்டுகொள்ளும் என்று எண்ணிவிட வேண்டாம்.

கலா பெரியம்மா: நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன காலத்தில், நெற்றியில் விளக்கு எரிந்தாலும் லாரிச் சத்தம் கேட்டவுடன் லோங்கான் (சாலையோர வடிகால்) ஓரமாக ஒதுங்கி நின்றுகொள்வோம்.

முத்து மாமா: அப்படியானால் விடிந்த பிறகே புறப்படலாமே, அக்கா?

கலா பெரியம்மா: பால்குடத்தோடு உச்சி வெயிலில் நீ நடப்பாயா? கோயில் தலைவரைக் கேட்டுவிட்டு நேரத்தைச் சொல்கிறேன். எந்த நேரமானாலும் நீ இரட்டைச் சிக்னலைப் போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னாலேயே வர வேண்டும்.

முத்து மாமா: காரைச் சர்வீசுக்கு விட வேண்டியிருக்கிறது, பார்க்கலாம்.

சரஸ்வதி சின்னம்மா: தெரிந்ததுதானே. மேலங்கிக்குப் பணம் யார் தருகிறீர்கள்?