எனாமல் வாஷ் விட்டதும் சக்கரத் தண்டு உடைந்துவிட்டது, யாராவது வழி சொல்லுங்கள்

நண்பர்களே, 1/35 அளவில் ஒரு டி-34/85 சோவியத் டாங்கி பிளாஸ்டிக் மாடல் செய்துகொண்டிருக்கிறேன். 1945 குளிர்காலம், பச்சைக்கு மேல் அவசரமாக வெள்ளையடித்த வண்டி. பச்சை காய்ந்ததும் ஹேர் ஸ்பிரே, அதன்மேல் அக்ரிலிக் வெள்ளை, கொஞ்ச நேரம் கழித்து ஈரத் தூரிகையால் தேய்த்தால் வெள்ளை அழகாக உரிந்து வந்தது. அதுவரை சரி.

அப்புறம் அடர்பழுப்பு எனாமல் வாஷ் (இடுக்குகளில் அழுக்குப் போலத் தங்கவிடும் நீர்த்த பெயிண்ட்). மேலே வார்னிஷ் இருந்தது, அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அங்கே வார்னிஷ், பெயிண்ட் எதுவும் அடிக்காமல் வாஷை மட்டும் தாராளமாக விட்டுவிட்டேன் (சோம்பேறித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்). மறுநாள் பார்த்தால் இடப்பக்கம் இரண்டு சக்கரத் தண்டுகள் முறிந்து கிடக்கின்றன. சக்கரங்களைச் சுற்றி வரும் வினைல் ட்ராக்கை இறுக்கி மாட்டியிருந்தேன், அந்த இழுவையில் இருந்த பிளாஸ்டிக்கில் வாஷில் கரைப்பானாக இருக்கும் வைட் ஸ்பிரிட் இறங்கி நொறுங்க வைத்துவிட்டது என்பது என் கணிப்பு. சரிதானா?

முறிந்ததைத் துளையிட்டு பித்தளைக் கம்பி செருகி ஒட்டலாம் என்றிருக்கிறேன், 0.8 மி.மீ. போதுமா, இல்லை இன்னும் தடிமன் வேண்டுமா? மீதி எட்டுத் தண்டுகளும் ஊறித்தான் இருக்கும், அவற்றையும் இப்போதே பலப்படுத்த வேண்டுமா? ட்ராக்கைக் கழற்றிவிட்டு தனித்தனி கண்ணிகளாக வருவதை மாட்டினால் இழுவை இருக்காது, ஆனால் வெள்ளை உரிந்த இடமெல்லாம் கைபட்டுக் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இப்படி உடைந்து சரிசெய்தவர்கள் படத்தோடு சொன்னால் நல்லது. புது கிட் வாங்கச் சொல்லாதீர்கள், அலமாரியில் ஏற்கெனவே பிரிக்காத பெட்டிகள் நிறைய இருக்கின்றன.