மொரீஷியஸ் ஆட்டக்காரர்களுக்கு வெட்டு விழுவதில்லை. கைமாறும் பொருள் இரட்டிப்பாகிறது

கரும்புக்காடு (டர்பன்)

வணக்கம். ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம் ஒன்று சோதனைக் கட்டத்தில் இருக்கிறது. சர்வர் கேப்டவுனில், வினாடிக்கு 20 டிக் (ஆட்ட உலகத்தைச் சர்வர் வினாடிக்கு 20 முறை புதுப்பிக்கிறது). கிளையண்ட் யூனிட்டி, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். சிக்கல் இரண்டு.

டர்பன், ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) ஆட்களுக்குச் சண்டை ஒழுங்காக நடக்கிறது. மொரீஷியஸ், ரீயூனியனிலிருந்து ஆடுகிறவர்கள் ஓடும் மிருகத்தை வெட்டினால் திரையில் வாள் படுகிறது, சர்வர் "தவறியது" என்கிறது.

அடுத்தது, ஒருவர் இன்னொருவருக்குப் பொருள் கொடுத்தவுடன் லோட் ஷெடிங்கில் (மின்வெட்டில்) கொடுத்தவரின் ரவுட்டர் அணைந்தால், பொருள் சில நேரம் இருவரிடமும் இருக்கிறது. 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் லாக்அவுட்டிலும் சேமிக்கிறோம். டிக்கை 60 ஆக்கினால் முதல் சிக்கலாவது தீருமா?

அலைவரிசை (போர்ட் லூயி)

தீராது. 20 டிக்கில் ஒரு டிக் 50 மில்லிவினாடி, 60இல் ஏறக்குறைய 17. வந்த செய்தி சராசரியாக அரை டிக் காத்திருக்கும்; அது 25இலிருந்து 8 ஆகும், மிச்சமாவது 17 அளவுதான். சர்வர் செலவோ மூன்று மடங்கை நெருங்கும்.

தொலைவுக்குக் கணக்கு எளிது: ஃபைபரில் 1,000 கிலோமீட்டர் போய்வர 10 மில்லிவினாடி. இங்கிருந்து டர்பனுக்குப் பக்கத்து அமன்சிம்டோட்டியில் கரையேறும் மெட்டிஸ் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர், அதற்கே 32. அங்கிருந்து கேப்டவுன் போய்வர இன்னொரு 16க்கு மேல். உங்கள் ஆட்களுக்கு 200க்கு மேல் பிங் (செய்தி போய்வரும் நேரம்) காட்டினால் பாக்கெட் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு போகிறதோ என்று சந்தேகிக்கலாம். அவர்களை எம்டிஆர் (பாக்கெட் போகும் வழியையும் ஒவ்வொரு கட்டத்தின் தாமதத்தையும் காட்டும் கருவி) ஓட்டச் சொல்லி, எந்த இடத்தில் எண் தாவுகிறது என்று பாருங்கள். ஜோபர்க் சர்வர் ஒன்றையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

வெட்டு தவறுவதற்குக் காரணம், கிளையண்ட் பார்ப்பது பழைய உலகம். இன்டர்போலேஷனுக்கு (அசைவு சீராகத் தெரிய, கிளையண்ட் வேண்டுமென்றே சற்றுப் பிந்திக் காட்டுவதற்கு) 100 மில்லிவினாடி வைத்திருந்தால், வெட்டுச் செய்தி சர்வரைச் சேரும்போது மொத்தப் பின்னடைவு பிங்கோடு அந்த 100ம் சேர்ந்தது. பிங் 100 என்றால் 200, அதாவது 4 டிக். ஒவ்வொரு மிருகமும் நின்ற இடத்தைக் கடைசி 6 டிக்குக்குச் சர்வரில் வைத்துக்கொள்ளுங்கள். செய்தி வந்ததும் அத்தனை டிக் பின்னால் போய்ச் சரிபாருங்கள். பின்னால் போவதற்கு உச்சவரம்பு 250 மில்லிவினாடி. பிங்கைச் சர்வரே அளக்கட்டும்; கிளையண்ட் சொல்லும் நேரத்தை நம்பினால் ஏமாற்றுக்காரர்களுக்குக் கதவு திறந்துவிட்டதாகும்.

ஆனால் என்னைக் கேட்டால், சண்டையின் வடிவத்தையே மாற்றுவேன். ரூன்ஸ்கேப் 0.6 வினாடி டிக்கில் ஓடுகிறது. பிங் 150 ஆனாலும் அங்கே பெரிதாகத் தெரியாது. இலக்கைத் தேர்ந்தெடுத்து அடிக்கும் முறை வையுங்கள். வாளை ஓங்க 400 மில்லிவினாடி அசைவு கொடுங்கள். பொத்தானை அழுத்தியதும் கிளையண்ட் ஓங்கத் தொடங்கிவிடும். வாள் இறங்குவதற்குள் சர்வரின் முடிவு வந்து சேரும். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கும் களத்தில் பின்னோக்கிப் பார்ப்பது இன்னொரு வம்பு: சுவருக்குப் பின்னால் ஒளிந்தவன்மீதும் அடி விழும். ஓங்கும் முறையில் அந்தத் தொல்லை இல்லை.

ஃபீனிக்ஸ்வாசி

இரட்டிப்புக்கு வருகிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நடப்பது இது: ரவுட்டர் அணைந்ததும் பொருள் கொடுத்தவர் மொபைல் டேட்டாவில் மறுபடி லாகின் செய்கிறார். பழைய செஷன் (அவருடைய முந்தைய இணைப்பு) டைம்அவுட்டுக்காக இன்னும் காத்திருக்கிறது. புதிய லாகின், டேட்டாபேஸிலிருந்து பொருள் கொடுப்பதற்கு முந்தைய நிலையை எடுத்துக்கொள்கிறது.

ஒரு கதாபாத்திரத்துக்கு ஒரே செஷன்தான் உரிமையாளர் என்று பூட்டு வையுங்கள். புதிய லாகின் வந்தால், நினைவகத்தில் இருக்கும் பழைய நிலையையே அதன் கையில் கொடுங்கள். டேட்டாபேஸைத் தொட வேண்டாம்.

அது மட்டும் போதாது. சர்வரே விழுந்தாலும் இதே இரட்டிப்பு வரும். கைமாற்றத்தை 5 நிமிடச் சேமிப்புக்கு விடாமல், அந்தக் கணமே, எல்லாம் சேர்ந்து நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற வகையில், ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண், டேட்டாபேஸ் அட்டவணையில் தனி வரிசை, உரிமையாளரைக் குறிக்க ஒரு பத்தி. "இந்த எண், இன்னும் இவரிடம் இருந்தால் மட்டும் அவருக்கு மாற்று" என்று அப்டேட். மாறிய வரிசை பூஜ்யம் என்றால் முழுப் பரிமாற்றமும் ரத்து. பல பொருள் கைமாறினால் எண் ஏறுவரிசையில் பூட்டுங்கள், இல்லாவிட்டால் டெட்லாக்கில் (இரண்டு பரிமாற்றம் ஒன்றுக்கொன்று காத்து நிற்பதில்) மாட்டும். கமிட் ஆன (டேட்டாபேஸில் உறுதியான) பிறகே திரையில் காட்டுங்கள்.

கரும்புக்காடு

நன்றி அண்ணா. ஒருவரின் இன்வென்டரி (பொருள் பட்டியல்) முழுவதும் ஒரே ஜேசனாக, அதாவது ஒரே உரைத் தொகுப்பாக இருக்கிறது. பொருளுக்கு எண்ணே கிடையாது. இப்போதே பிரிக்க வேண்டுமா, கேமை எல்லோருக்கும் திறந்த பிறகு செய்யலாமா?

ஃபீனிக்ஸ்வாசி

இப்போதே. 2010இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 14 அடித்தளம் சரியில்லாமல் 2012 நவம்பரில் மூடப்பட்டு, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டி வந்தது. பெரிய நிறுவனம் தாங்கியது. சிறிய குழு தாங்காது.

சர்வரை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். வாள், கவசம் தனித்தனி வரிசையாகட்டும். அம்பு, தங்கக் காசு போன்றவற்றுக்கு எண் வேண்டாம். இருப்புத் தொகை ஒன்று, பூஜ்யத்துக்குக் கீழே போகாதபடி டேட்டாபேஸில் தடை விதி ஒன்று, பற்று வரவு இரண்டும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில். பழைய ஜேசனை அழிக்காதீர்கள். வகைவாரியாக மொத்த எண்ணிக்கை முன்னும் பின்னும் ஒத்துவருகிறதா பாருங்கள். ஒன்று குறைந்தாலும் திறக்க வேண்டாம்.

ஏற்கெனவே இரட்டித்தவற்றில் எது அசல் என்று எண் இல்லாமல் பிரிக்க முடியாது. முன்னறிவிப்புக் கொடுத்து, திறப்புக்கு முன் பொருளையும் காசையும் துடைத்துவிடுங்கள். பெயரும் லெவலும் அப்படியே இருக்கட்டும்.