ஹட்டன் தோட்டப் பள்ளிக்குப் பொருள் கொண்டு போக உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு இலங்கை போகிறோம். ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்குப் பொருள்கள் கொண்டு போக ஆசை. தலைமையாசிரியரிடம் முதலிலேயே பேசிவிட்டேன்.

இலங்கையில் பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசே இலவசமாகத் தருகிறது. குறைவது மற்றவைதான்: நோட்டு, பென்சில், ஜியோமெட்ரி பெட்டி, மழைக்குத் தாங்கும் பை. இங்கே சிங்கப்பூரில் நவம்பரில் பள்ளி முடிந்ததும் பாதி எழுதிய நோட்டும் நல்ல பையும் குப்பைக்குப் போவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. கிழியாத, ஜிப் வேலை செய்யும் பையாக இருந்தால் கொடுங்கள். பழையதானாலும் பிள்ளைகள் கையில் கொடுக்கும்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர்கள் அதிகம் கேட்டது பந்துகள். விளையாடும் இடத்தை ஒட்டியே சரிவு. ஓங்கி அடித்தால் பந்து தேயிலைச் செடிகளுக்குள் போய்விடும், பாதி திரும்பி வராது. கைப்பந்து, வலைப்பந்து, டென்னிஸ் பந்து எதுவானாலும் சரி. காற்றை இறக்கிக் கொடுத்தால் பெட்டியில் இடம் மிச்சம். காற்றடிக்கும் ஊசியும் பம்பும் யாரிடமாவது இருக்கிறதா?

அப்புறம் ஒரு கேள்வி. கட்டுநாயக்க விமான நிலையச் சுங்கத்தில் இப்படி நன்கொடைப் பொருள் கொண்டு போனவர்கள் இருக்கிறீர்களா? பள்ளியின் கடிதம் போதுமா, வரி கேட்டார்களா? நாங்கள் போகும் வாரமே கொழும்பு போகிறவர்கள் பெட்டியில் கொஞ்சம் இடம் தந்தாலும் பெரிய உதவி.

பணம் வேண்டாம். செங்காங், பொங்கோல் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்; தேக்காவிலும் சந்திக்கலாம். தனிச் செய்தி அனுப்புங்கள்.