அம்மாவின் நினைவு ஆராதனையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும், உதவுங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து மூன்று வாரம் ஆகிறது. வருகிற ஞாயிறு நினைவு ஆராதனையில் நான்தான் பேச வேண்டுமாம். நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

வழக்கமாக நீதிமொழிகள் 31-ஐ எடுப்பார்கள், குணசாலியான ஸ்திரீ. நல்ல பகுதிதான், எபிரெயுவில் அந்த 22 வசனங்களும் அகரவரிசையில் தொடங்குமாம். ஆனால் அதில் என் அம்மா இல்லை. விடியுமுன் எழுந்திருப்பவள் என்று வாசித்தால் வீட்டில் எல்லாரும் சிரித்துவிடுவார்கள்.

அம்மாவின் பைபிளைத் திறந்தால் ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. 1 கொரிந்தியர் 13-இல் அன்பு நீடிய சாந்தமுள்ளது என்ற இடத்தில், "இன்று முடியவில்லை ஆண்டவரே." இயேசு ஐயாயிரம் பேரைப் போஷித்து 12 கூடை மீந்த இடத்தில், "கூட்டிப் பெருக்கியது யார்?" ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பைபிள்தான் போனது. கடைசியில் சங்கீதம் 23-ஐ நான் வாசிக்க, தப்பாக வாசித்த இடத்தைக் கண் திறக்காமலே திருத்தினார்கள்.

ஆதியாகமம் 21-ஐ எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். தேவன் தன்னைச் சிரிக்க வைத்தார் என்று சாராள் சொல்வாளே, அந்த இடம். அப்போது அவளுக்குப் பிறந்த மகன் ஈசாக்கு; அந்தப் பெயருக்கே நகைப்பு என்றுதான் பொருள்.

இந்தக் குறிப்புகளை ஆலயத்தில் வாசித்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்களா? சிரிப்பை முதலில் வைப்பதா, கடைசியிலா? பாதியில் குரல் உடைந்தால் என்ன செய்தீர்கள்? தாயைப் பற்றிப் பேசிய அனுபவம் உள்ளவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.