மறு: டெபாசிட் பீட்டா: 'வைப்புவட்டித் தொடர்வு' என்று வைக்கலாமா?

அன்பு நண்பர்களே,

ரிசர்வ் வங்கியின் வட்டி மாறும்போது வைப்பு (டெபாசிட்) வட்டி எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லும் 'டெபாசிட் பீட்டா'வுக்கு முன்மொழியப்பட்ட 'வைப்பு நெகிழ்ச்சி' வேண்டாம் என்பது என் கருத்து. பொருளியல் பாடநூல்களில் 'தேவை நெகிழ்ச்சி' ஏற்கெனவே இருக்கிறது, விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பதே அங்கே கணக்கு. நாம் தேடும் சொல் வேறு. ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டி, 1 சதவீதப் புள்ளி ஏறும்போது வைப்பாளருக்கு 0.4 ஏறினால் பீட்டா 0.4, அவ்வளவுதான். ஒரு வட்டியை இன்னொரு வட்டி எவ்வளவு தொடர்ந்து போகிறது என்பதால் 'வைப்புவட்டித் தொடர்வு' என்கிறேன்.

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போவை 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏற்றியது. ரெப்போவோடு பிணைத்த வீட்டுக்கடன்களில் அந்த இரண்டரைப் புள்ளியும் அப்படியே ஏறியது. ஸ்டேட் வங்கியின் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கோ அப்போது அதே 2.70 சதவீதம்தான் இருந்தது, அதாவது தொடர்வு சுழியம். நாளைக்கே எடுத்துக்கொள்ளக்கூடிய பணம், ஆனால் வட்டி நகராததால் வங்கியின் கணக்கில் அது வங்கி வாங்கிய நீண்டகால நிலைவட்டிக் கடனைப் போல நடந்துகொள்கிறது, அதனால்தான் அந்தப் பணத்தைப் பல ஆண்டு நிலைவட்டிப் பத்திரங்களில் போட்டாலும் வட்டி ஏறும்போது வங்கியால் தாங்க முடிகிறது. மாறாக அதை ரெப்போவோடு ஏறி இறங்கும் மிதவை வட்டிக் கடனாகக் கொடுத்துவிட்டால், ரெப்போ இறங்கும்போது வரவு சுருங்கும், ஏற்கெனவே தாழ்வாக இருக்கும் சேமிப்பு வட்டியைக் குறைக்கவோ அதிகம் இடமில்லை.

இந்தப் பாதுகாப்பு வைப்பாளர் இருக்கும்வரைதான். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி வட்டி அடிமட்டத்தில் இருந்தபோது நீண்டகாலப் பத்திரங்களை வாங்கிக் குவித்தது, 2022இல் வட்டி ஏற ஏற அவற்றின் விலை சரிந்தது, வட்டியில்லாக் கணக்குகளில் கிடந்த பணமும் நகரத் தொடங்கியது. வைப்பில் பெரும்பகுதி 2,50,000 டாலர் காப்பீட்டு வரம்பைத் தாண்டியது வேறு. 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள், மறுநாள் வங்கி மூடப்பட்டது. ஆகவே வைப்பாளர் வெளியேறுவதற்குத் தனிச்சொல் வேண்டும், 'வைப்பு வெளியேற்றம்' போதும், இரண்டையும் 'நெகிழ்ச்சி'க்குள் அடைக்கக் கூடாது.

'வட்டிக் கடத்தல்' என்று இன்னொருவர் சொன்னது பொருளளவில் சரி, ஆனால் நாளிதழ்த் தலைப்பில் வந்தால் காவல்துறைச் செய்தியாகத்தான் படிப்பார்கள்.

சரி, வட்டி ஏறத் தொடங்கிய நாளிலிருந்து மொத்தமாகக் கணக்கிடும் பீட்டாவுக்கு புள்ளியியலின் 'குவிவு நிகழ்வெண்' (cumulative frequency) வழியில் 'குவிவுத் தொடர்வு' என்று வைக்கலாமா? வங்கியில் பணியாற்றுவோர் சொல்லுங்கள்.