புதுப்பிப்பு: வற்றாப்பளை மடத்தில் ஓர் இரவு

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாக நடக்கும்போது வன்னியில் இரவு எங்கே தங்குவது, கூடாரம் தூக்கிப் போக வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம் என்றவர்களுக்கு நன்றி.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலுக்கு அருகில், தகரக் கூரை போட்ட மடமொன்றில் படுத்தோம். பகல் வெயிலின் சூடு பத்து மணிக்கும் சீமெந்துத் தரையில் இருந்தது. நந்திக்கடல் காற்று வந்த பிறகுதான் கண் அயர்ந்தது. பாய் அங்கே கிடைக்கும். நுளம்புவலையைக் கட்டாயம் கொண்டு போங்கள். வைகாசிப் பொங்கல் நாளென்றால் படுக்க இடம் கிடைப்பது கடினம். பொங்கலுக்கு முன், முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் கடல்நீரில் எரியும் விளக்கைத் தவறவிடாதீர்கள்.

கூட வந்த முதிய அம்மா ஒருவர் என் பாதத்தை மடியில் வைத்து, கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். “கொப்புளத்தை உடைக்காதே, பிள்ளை” என்று வேப்பெண்ணெய் தடவினார். 2009இல் இந்தக் கரையில் இருந்தவராம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

விடியற்காலை நான்கு மணிக்குப் பிளேன்டீயும் சர்க்கரைத் துண்டும் தந்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். வெயில் ஏறுமுன் நடக்கத் தொடங்கிவிட்டோம்.